திருதராஷ்டிரர் வனம் சென்ற கதை

ஹைதராபாத்தின் சனத்நகர் தொழிலாளர்களால் வளர்ந்த பகுதி. ஒரு காலத்தில் ஆல்வின் தொழிற்சாலை இயங்கிய இடம் அது. அங்குள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை, காப்பீடு பெற்ற தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் சிகிச்சை அளிக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தாயை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், உடை மாற்றுவதும், நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியேற முயல்பவரைத் தடுப்பதும் வீட்டாரின் பொறுப்பு. பெரும்பாலும் அது ஒரே ஒருவரின் பொறுப்பு, மகளோ மருமகளோ.

2023-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயால் பாதிக்கப்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. பராமரிப்பவரின் உடலும் இதில் தேய்கிறது. முதிய தம்பதியரைப் பற்றி 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, துணையைப் பராமரித்து அதனால் மன அழுத்தத்துக்கும் உள்ளானவர்கள் நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, அச்சுமை இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் முதியோர் பராமரிப்பு இல்லம் என்ற சொல்லை எடுத்தவுடன் குடும்பத்தில் குற்ற உணர்வு எழுகிறது. ‘பெற்றோரைக் கைவிடுவதா?’ என்று உறவினர் கேட்கின்றனர். அவ்வாறு கேட்பவர்கள் ஓர் இரவுகூட அந்த வீட்டில் கண்விழித்திருக்க மாட்டார்கள்.

மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பருவம் இங்கு சிந்திக்கத்தக்கது. போருக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் திருதராஷ்டிரர் தருமரின் அரண்மனையில் வாழ்ந்தார். தருமர் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பீமனின் உள்ளத்தில் கசப்பு ஆறவில்லை. முதியவரின் காதில் விழும்படியே கடுஞ்சொற்களைப் பேசினான். வெளியே மரியாதை, உள்ளே வெறுப்பு. அரண்மனையிலேயே இது நிகழ்ந்ததென்றால் இரண்டு அறை வீட்டில் நிகழ்வதில் வியப்பென்ன? முதியவர் வனம் செல்ல விரும்பியபோது தருமர் மறுத்தார். வியாசர் எடுத்துரைத்த பின்னரே இசைந்தார்.

ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. திருதராஷ்டிரர் தாமே விரும்பிச் சென்றார். இன்றோ முதியவரைக் கேளாமலே முடிவு எடுக்கப்படுகிறது. மனம் தெளிவாக உள்ளபோதே அவரிடம் பேசுவது மகனின் கடமை. இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரவில் எத்தனை பணியாளர் உள்ளனர், படுக்கைப் புண் வராமல் காக்கிறார்களா, முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டறிய வேண்டும். கடைசிக் கேள்விக்குத் தயங்கும் இல்லத்தைத் தவிர்ப்பதே நல்லது. முதியோர் தொடர்பான வழிகாட்டுதலுக்கு 14567 என்ற இலவசத் தேசியத் தொலைபேசி உதவியும் உண்டு.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இந்த நுட்பத்தை அறிந்திருக்கிறது. முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் முதியவரை ஓரிடத்தில் விட்டுச் செல்வதையே அது குற்றம் என்கிறது. அதே சட்டம், ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டந்தோறும் இல்லங்கள் அமைப்பதைப் பற்றியும் பேசுகிறது.

பாண்டவர்கள் அத்துடன் கடமை முடிந்ததென்று இருந்துவிடவில்லை. பரிவாரத்துடன் வனம் சென்று, ஏறத்தாழ ஒரு மாதம் பெரியவர்களுடன் தங்கினர். திருதராஷ்டிரருடன் சென்றிருந்த குந்தியைக் கண்டதும் சகதேவன் ஓடிச்சென்று அவள் பாதங்களைப் பற்றி அழுதான். விடைபெறும் வேளையில், தான் அங்கேயே தங்கிப் பணிவிடை செய்வதாக மன்றாடினான். குந்தி அவனைத் தழுவிக்கொண்டு, ஊருக்குத் திரும்பிச் செல்லும்படி சொன்னாள்.