முட்டிக்குள்ள என்ன இருக்கு?



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கடைசி வரை தூணில் சாய்ந்தபடியே நின்றார். ஏதோ கோபம் என்று நினைத்தோம். கேட்டால், "உட்கார்ந்தா எந்திரிக்க ஆள் வேணும், அதான்" என்றார். "மூட்டுல எண்ணெய் வத்திப்போச்சு, ஊசி போடணும்" என்று யாரோ சொல்ல, உள்கடன் 10,000 ரூபாய் கேட்டு மனுவும் எழுதி வைத்திருந்தார். கடன் கொடுப்பதா என்று பேசும்போதுதான், முட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நம்மில் ஒருத்தருக்கும் தெரியாதது புரிந்தது. சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொண்டதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

முட்டியில் சேருவது மூன்று எலும்பு. மேலே தொடை எலும்பு. உடம்பிலேயே நீளமான எலும்பு இதுதான். கீழே கீழ்க்கால் எலும்பு. முன்னால் சில்லு. காலை நீட்டித் தளர்வாக வைத்துத் தொட்டுப் பாருங்க, சில்லு அசையும். தொடைத் தசையின் நார் இந்தச் சில்லு வழியாகத்தான் கீழ்க்கால் எலும்புக்குப் போகிறது. கிணற்று உருளை இருந்தால் வாளி லேசாக வருகிற மாதிரி, சில்லு இருப்பதால் குறைந்த பலத்தில் கால் நீளுகிறது.

கோழிக்கறி எடுக்கிற அன்னைக்கு கால் எலும்பின் நுனியைப் பாருங்க. வெள்ளையா வழுவழுன்னு இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முட்டியிலும் எலும்பு நுனிகளை இதுதான் மூடியிருக்கு. அதற்கு நடுவே பிறை வடிவத்தில் இரண்டு திண்டு. நாம் குடம் தூக்கும்போது தலையில் சும்மாடு வைக்கிறோமே, அந்த வேலைதான் அதுக்கும். எலும்பு விலகாமல் இருக்க பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நார், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நார்.

எண்ணெய் என்று சொல்கிறோமே, அந்த வழுவழுப்பான நீர் நல்ல மூட்டிலேயே ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. பெரும்பாலும் தேய்வது குருத்துதான். குருத்துக்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது நமக்குத் தெரியாது. ரத்தம் வராததால் தேய்ந்தது சரியாக வளராது. பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீர் உறிஞ்சுமே, அப்படித்தான் காலை மடக்கி நீட்டும்போது அந்த நீரிலிருந்து அதுக்குச் சத்து போகிறது.

இங்கேதான் நாம் தப்பு செய்கிறோம். வலி வந்ததும் நடப்பதையே விட்டுவிடுகிறோம். தொடைத் தசை மெலிந்து போகுது. தசை தாங்க வேண்டிய பாரமும் முட்டி மேல் இறங்குது. வலி இன்னும் கூடுது.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை வைத்து, மெதுவாக இறக்குங்க. காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். காசு செலவில்லை. டிவி பார்த்துக்கிட்டே செய்யலாம். உடம்பு எடை கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறையும். நடவையும் களையெடுப்பையும் நம்மால் விட முடியாது. ஆனா ஒரேயடியாகக் குத்தவைத்து உட்காராமல், நடுநடுவே எழுந்து நாலடி நடக்கலாமே.

முட்டி வீங்கிச் சூடாகி காய்ச்சலும் வந்தாலோ, மடக்கிய கால் நீளாமல் மாட்டிக்கிட்டாலோ, கால் ஊன்றவே முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. நம்மைப் போன்ற குழுப் பெண்களே அதில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்க.

அந்த அக்கா அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டார். ஊசி தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும் என்று மனுவை நிறுத்தி வைத்திருக்கிறார். கூட்டத்துக்கு நாலு நாற்காலி வாங்க தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.