கைக்குழந்தைக்கு இருமலா? மூச்சை எண்ணுங்கள்!

இரண்டு மாதக் குழந்தை இருமினால் வீடே கலங்கிவிடும். "நெஞ்சு பூரா சளி, கர் கர்னு கேக்குது டாக்டர்!" என்று அம்மாவும் பாட்டியும் சேர்ந்தே ஓடி வருவார்கள். பெரும்பாலும் அந்தச் சத்தம் மூக்கிலிருந்து வருவதுதான். கைக்குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். துளி சளி அடைத்தாலும் பால் குடிக்கத் திணறும்.

ஆகவே, இருமல் சத்தத்தைவிட மூச்சைக் கவனியுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், அதன்பின் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், பால் குடிக்காமை, உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல்... இதில் ஒன்று இருந்தாலும் என்னிடம் வர வேண்டாம். நேரே குழந்தைகள் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரியானால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்தது தேன். "ஒரு சொட்டு நாக்குல தடவுனா என்ன ஆயிடும்?" என்பார் பாட்டி. எங்கள் சித்த மருத்துவத்தில் தேன் முக்கியமான அனுபானம்தான். ஆனாலும் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும். பிஞ்சுக் குடலில் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கினால் தசைகள் தளர்ந்து, சப்பவும் மூச்சுவிடவும் முடியாமல் போகும். தேனைச் சூடுபடுத்தினாலும் அந்த வித்து சாகாது.

வசம்பு, ஜாதிக்காய் உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். கல்லில் எத்தனை சுற்று உரைத்தோம் என்பதற்கு அளவேது? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். அம்மாவுக்குச் சளி என்றாலும் கை கழுவி, மூக்கு வாயை மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். மிளகு ரசம் அம்மாவுக்கு!

பால் கொடுக்குமுன், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு நாசியிலும் ஓரிரு சொட்டு விட்டு, வெளியே வரும் சளியை மெல்லிய துணியால் துடையுங்கள். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கற்பூரம் கலந்த தைலம் வலிப்பைக்கூட வரவழைக்கும். சாம்பிராணிப் புகை, கொசுவத்தி இரண்டையும் நிறுத்துங்கள்.

இருமல் சிரப்பா? மத்தியப் பிரதேசத்தில் 2025-ல் நச்சுக் கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்து எழுதக்கூடாது என்று அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே அறிவுறுத்தியது.

கக்குவான் இருமல் சின்னக் குழந்தைக்குச் சத்தமில்லாமலே வந்து மூச்சை நிறுத்திவிடக்கூடும். அதற்கான தடுப்பூசி 6, 10, 14-வது வாரங்களில். "சளி இருக்கே, தள்ளிப் போடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.