எழுதுவது வேறு, காட்டுவது வேறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ கொடுத்தனுப்பிய நோட்டை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். நன்றாக எழுதுகிறாய், மெப்புக்குச் சொல்லவில்லை. நம் செட்டியார்பட்டியில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கரண்ட் போனதும் தெரு முழுக்க மிஷின் சத்தம் ஒரே நொடியில் நின்று, பக்கத்து வீட்டுப் பேச்சு நம் அடுக்களைக்குள் கேட்பதை நீதான் எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நோட்டில் இரண்டு விதமான பக்கங்கள் இருக்கின்றன: உடனே காட்டக்கூடியவை, காட்டுமுன் யோசிக்கவேண்டியவை. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில், எழுதுவதைப் பற்றி. அன்றன்றைக்கு நடந்ததை எழுதிவைப்பது பெரிய சுகம். நாளாக நாளாகத்தான் அது பிடிபடும். எழுதுகிறவள் கண் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிடும். தமிழில் இதற்குப் பெரிய சாட்சி புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்சிடம் துபாஷாக, அதாவது இரு மொழி பேசும் இடைத்தரகராக, இருந்தவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர் 1761இல் சாகும்வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி என்று தமிழ் வருஷம், மாசம், தேதி போட்டு எழுதினார். வியாபாரி என்பதால் கணக்கெழுதுகிற கை. அந்தக் கைதான் நாட்குறிப்பையும் எழுதியது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் இன்றைக்கு நமக்கு ஒரு தமிழன் கண் வழியாகத் தெரிகிறதென்றால் அந்தக் குறிப்புகளால்தான்.

கவனி, கவர்னரின் மனைவிக்கும் ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் ஆகாது. அந்த அம்மாளைப் பற்றி மனசில் இருந்ததையெல்லாம் எழுதியிருக்கிறார். அவர் உயிரோடிருந்தபோது அந்தக் குறிப்புகள் கவர்னர் மாளிகைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போகவில்லை. அவர் இறந்து பல வருஷம் கழித்து, 1846இல்தான் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் வெளியாள் கண்ணில் பட்டன. யாருக்கும் காட்டவேண்டியதில்லை என்பதால்தான் அவ்வளவு தாராளமாக எழுத முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அடுத்தவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்த நிமிஷமே, நம்மை நல்லவளாகக் காட்டும் வரிகள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். உன் நோட்டில் கடைசிப் பத்துப் பக்கத்தில் அந்த வாடை அடிக்கிறது. ‘நான் கண் கலங்கினேன்’ என்று அடிக்கடி வருகிறது. முன்பக்கங்களில் நீ கண் கலங்கவே இல்லை. படித்த நான்தான் கலங்கினேன்.

இனி, காட்டுவதைப் பற்றி. இதற்குப் புதுச்சேரிவரை போகவேண்டாம். திருவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி இருக்கிறதல்லவா? நம் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் அதே மேற்கு மலைத்தொடரின் அடிவாரம். அந்த ஊர்க்காரர்தான் எழுத்தாளர் பாமா. கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியே வந்தவர். 1992இல் ‘கருக்கு’ என்று தன் வாழ்க்கையையே புத்தகமாக்கினார், ஊர் பேசுகிற பேச்சிலேயே.

அதில் ஓர் இடம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறு பெண், ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அதைக் கூனிக்குறுகி நிலக்காரரிடம் நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் வந்து சொன்னால் அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் தொட்டால் நிலக்காரருக்குத் தீட்டு என்பதால்தான் அப்படி என்று விளக்குகிறார். ஒரு பொட்டலமும் ஒரு கயிறும்தான். தீண்டாமையை இதைவிடத் தெளிவாக எந்த மேடைப் பேச்சும் எனக்குக் காட்டியதில்லை.

புத்தகம் வந்ததும் முதலில் கோபப்பட்டவர்கள் அவருடைய சொந்த ஜனங்களே. ஊர் விஷயத்தையெல்லாம் வெளியே கொட்டிவிட்டாள் என்று ஆத்திரம். சில மாதம் அவரால் ஊருக்குள்ளேயே போக முடியவில்லை. பிறகு படித்த இளைஞர்கள் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல, ஊர் ஏற்றுக்கொண்டது. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து, கிராஸ்வேர்டு விருதும் பெற்றது.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் வேறு வழியில் போனார். தன் வாழ்க்கையைச் சிலுவைராஜ் என்றொருவன் மேல் ஏற்றி, 2002இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்று நாவலாக்கினார். ஒரே வீடு, ஒரே ஊர், இரண்டு வழி. எது சரி என்று என்னைக் கேட்டால் இரண்டுமே சரி.

ஊர் கோபப்பட்டதால் பாமா எழுதியது தப்பாகிவிடாது. அதற்காக, யாருக்காவது கோபம் வந்துவிட்டாலே நாம் எழுதியது உண்மை என்றும் ஆகாது. பாமா எழுதியது ஒரு ஜனத்தையே குனியவைத்த அநியாயத்தை. முதலில் தன்னைத்தான் அவர் வெளியே நிறுத்தினார்.

இப்போது உன் நோட்டில் பெரியம்மா கல்யாணம் முறிந்த கதைக்கு வருகிறேன். உண்மைதான் எழுதியிருக்கிறாய். ஆனால் அது அவள் உண்மை. பெயரை மாற்றிவிட்டேன் என்கிறாய். செட்டியார்பட்டியில் ‘தெருமுக்கு வீட்டு மூத்தவள்’ என்று போட்டாலே தளவாய்புரம்வரை தெரிந்துவிடும், பெயர் எதற்கு? நாளைக்கு அவள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நாலு பேர் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதைச் சுமக்கப்போவது நீயல்ல.

அதற்காக எழுதாதே என்று சொல்லமாட்டேன். எழுது. பொழுது சாய்வதற்குள் எழுது, ஆறப்போட்டால் பாதி மறந்துவிடும். கூலி எவ்வளவு, டஜன் எத்தனை, அன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் எழுது. இருபது வருஷம் கழித்து அதற்குத்தான் மதிப்பு. காட்டுவதற்கு மட்டும் அவசரப்படாதே.

மிஷின் சத்தம் வருகிற கட்டுரையை இந்த வாரமே அனுப்பு. தபால் செலவு மாமாவுடையது. பெரியம்மா கதையை அனுப்புவதாக இருந்தால், முதலில் அவளிடமே படித்துக் காட்டு. அவள் வேண்டாம் என்று சொன்னால் நோட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா