காட்டுக்குக் கிளம்பும் பிள்ளைக்குப் பை கட்ட 17 குறிப்புகள்

பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம், கல்லூரியின் என்.எஸ்.எஸ். என ஏதாவது ஒரு வழியில் பிள்ளைகள் காட்டைத் தெரிந்துகொள்ள மலையேறுகிறார்கள். ஓரிரு இரவு தங்கல், மற்றபடி முழுக்க நடைதான். சுற்றுலாவுக்குக் கட்டுவதுபோல மூட்டை கட்டிக் கொடுத்தால் பாதி வழியிலேயே தோள் வலிக்க ஆரம்பித்துவிடும். பிறகு காட்டை எங்கே பார்ப்பது? மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. முதலில் அனுமதியைக் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் கீழ் 40 நடைத்தடங்களைத் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் பலர் அதில் வழிகாட்டிகள். எந்தத் தடம், யார் வழிகாட்டி என்று கேட்டால் ஏற்பாட்டாளர் மழுப்புகிறாரா? பிள்ளையை அனுப்பாதீர்கள்.

2. மாதம் பார்த்துச் சம்மதியுங்கள். பிப்ரவரி பிறந்தால் மலைப்புல் காய்ந்து தீப்பிடிக்கத் தயாராகிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். தீக்காலத்தில் யார் கூப்பிட்டாலும் வேண்டாம். மற்ற மாதங்களிலும் பையில் தீப்பெட்டி, லைட்டர் வைக்காதீர்கள்.

3. பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 50 கிலோ பிள்ளைக்குத் தண்ணீரோடு சேர்த்து அதிகபட்சம் 10 கிலோ. எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நிற்கச் சொன்னால் கணக்கு தெரிந்துவிடும்.

4. அடுக்குவதிலும் முறை உண்டு. படுக்கை அடியில், தண்ணீர், உணவு போன்ற கனமானவை நடுவில், முதுகை ஒட்டி, மழைக்கோட்டும் டார்ச்சும் மேலே. கனம் வெளிப்பக்கம் இருந்தால் பை பின்னால் இழுத்து, ஏற்றத்தில் ஆளைத் தள்ளாட வைக்கும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் தோள் பாரம் பாதியாகக் குறையும்.

5. கம்பி உடைந்த பழைய குடையைத் தூக்கிப் போடாதீர்கள். துணியைப் பிரித்து, நாடா கோத்த சுருக்குப் பைகளாகத் தைத்துவிடுங்கள். மாற்றுத்துணிக்கு ஒன்று, ஈரத்துணிக்கு ஒன்று. தூறலுக்குத் தாங்கும், எடையும் இல்லை.

6. பருத்தி வீட்டுக்குச் சுகம், மலைக்கு ஆகாது. நனைந்தால் லேசில் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விளையாட்டு டி-ஷர்ட், முழுக்கால் பேன்ட், ஒரு ஸ்வெட்டர் போதும். ஜீன்ஸ் கூடவே கூடாது. நிறம் பச்சை, பழுப்பு, சாம்பல் என்று இருக்கட்டும். சென்ட், வாசனை பவுடர் வேண்டாம்.

7. புது ஷூவோடு அனுப்பாதீர்கள். வாங்கியிருந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டு நடந்து பழகட்டும். குதிகாலிலும் விரலிடுக்கிலும் வாசலின் தடவி சாக்ஸ் போட்டால் கொப்புளம் வராது. அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைத்து அனுப்புங்கள். ஊர்ச் சேற்றில் ஒட்டிய பார்த்தீனியம் விதை காட்டுக்குள் போய் முளைக்க நாம் காரணமாக வேண்டாம்.

8. மழைக்காலமென்றால் அட்டை நிச்சயம். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிவிட வேண்டும். கல்லுப்பைத் துணியில் கிழியாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து, கைத்தடி நுனியில் முடிந்து கொடுங்கள். ஷூவில் ஏறும் அட்டையைத் தொட்டால் சுருண்டு விழும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து நெம்ப வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

9. தின்பண்டத்துக்குக் கடையைத் தேட வேண்டாம். பொரிவிளங்காய் உருண்டை, கடலைமிட்டாய், வறுத்த நிலக்கடலை, அவல், கருப்பட்டி எல்லாம் கெடாது, தெம்பும் தரும். முதல் நாள் மதியத்துக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை. மணம் வீசும் பழங்களைத் தவிருங்கள்; குரங்கு விடாது, யானைக்கும் மோப்பம் அதிகம். இரவில் கூடாரத்துக்குள் தின்பண்டம் இருக்கவே கூடாது.

10. ஓடைத் தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. மடித்த துணியில் வடிகட்டி, கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. இதை ஒரு சீட்டில் எழுதி மருந்துப் பையில் வையுங்கள்.

11. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் பாட்டில், டப்பா, துணிப்பை போதும். கொண்டுபோன ஒரு மிட்டாய் உறைகூடத் திரும்பி வர, குப்பைக்கென்று தனிப்பை கொடுங்கள்.

12. பெண் பிள்ளைகளுக்கு நாள் நெருங்காவிட்டாலும் நாப்கின் வையுங்கள். நடை அலைச்சலில் முன்பின் ஆகலாம். பயன்படுத்தியதைச் சுற்றப் பழைய செய்தித்தாள், போட்டு மூட ஜிப் உறை. காட்டில் புதைத்தால் விலங்கு தோண்டிவிடும். மலம் கழிக்க ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மண் மூட வேண்டும்.

13. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஒவ்வொரு பையிலும் ஒரு விசில் இருக்கட்டும். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம்.

14. கற்கத்தானே போகிறார்கள்? குட்டி நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஈரத்தில் பேனா மை கலைந்துவிடும். கூடவே இரண்டு மீட்டர் நூல். யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூலை வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால், அந்த யானையின் தோள் உயரம் கிட்டத்தட்டக் கிடைக்கும். தடம் புதிது என்று வழிகாட்டி சொன்னால் அளவும் வேண்டாம், படமும் வேண்டாம், நகர்ந்துவிட வேண்டும். இன்னொரு பாடம்: தடத்தில் நகக்குறி இருந்தால் நாய், செந்நாய் வகை. சிறுத்தையும் புலியும் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் குறி விழாது.

15. பாட்டுப் பெட்டி, ஸ்பீக்கர் வீட்டில் இருக்கட்டும். காட்டில் தெரிவதைவிடக் கேட்பதே அதிகம். மலை அணில் ஓயாமல் கத்தினால் கீழே சிறுத்தை நடமாடலாம். இருவாச்சி பறந்தால் சிறகோசை முதலில் வரும். தினமும் பத்து நிமிடம் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்து, கேட்ட ஒலிகளை எழுதச் சொல்லுங்கள்.

16. கிளம்பும் முன் ஒரு வீட்டுப்பாடம். நம் குழாயில் வரும் தண்ணீர் எந்த மலையில் பிறக்கிறது என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். பவானி, அமராவதி, தாமிரபரணி எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறப்பவை. அங்குள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவதால்தான் கோடையிலும் ஓடையில் நீர் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் வெறும் புல் என்று மிதித்துப் போகமாட்டார்கள்.

17. நினைவுக்கு என்று எதையும் எடுத்து வரக் கூடாது. உதிர்ந்த மான் கொம்பை வைத்திருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். திரும்பியதும் காதுமடல், அக்குள், முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.

இத்தனையும் படித்துவிட்டு நீங்களே பையைக் கட்டிவிடாதீர்கள். பிள்ளை கட்டட்டும், பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பட்டியலை வாசித்தால் போதும். தானே கட்டிய பையில்தான் இருட்டிலும் டார்ச் எங்கே என்று கைக்குத் தெரியும்.