பெயர்களைப் பட்டியலிடல்

ஒன்றன் பெயர் தெரிந்திருந்தால் அடைவுச் சேவை அதனை உடனே தேடித் தரும். பெயரே தெரியாதபோது, தன்னிடம் என்னென்ன உள்ளன என்று அடைவையே கேட்க வேண்டும். இதுவே பட்டியலிடல்.

வலையமைப்பின் தொடக்க நாள்களில் இக்கேள்வி எளியது. ஆர்ப்பாநெட்டிலிருந்த கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகின, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறையை வகுத்தார், பெயர்கள் பல சேவையகங்களுக்குப் பிரிந்து சென்றன. கோப்பைத் திறந்து பார்த்த காலம் போய், கேட்டுப் பெறும் காலம் வந்தது.

ஜாவாவின் 1.3 பதிப்பு முதல் உடன்வரும் ஜே.என்.டி.ஐ. இடைமுகத்தில் இதற்கு இரு வழிமுறைகள் உள்ளன. 'லிஸ்ட்' என்பது பெயரையும் அப்பெயருக்குரிய பொருளின் இனக்குழுவையும் மட்டும் தரும். 'லிஸ்ட்பைண்டிங்ஸ்' பொருளையே கொணர்ந்து தரும். நூற்பெயர்ப் பட்டியலைக் கேட்பதற்கும் நூல்களையே மேசைமீது அடுக்கச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. பெயர் போதுமெனில் முதலாவதே சிக்கனம். இரண்டுமே ஒரு படிநிலையை மட்டும் காட்டும். உட்பிரிவினுள் இருப்பவற்றை அறிய அங்கும் சென்று கேட்க வேண்டும்.

கிடைத்த விடையை மடக்கில் இட்டு ஒவ்வொன்றாய்ப் படிக்கிறோம். இங்குதான் விழிப்பு வேண்டும். பல சேவையகங்கள் ஒரு கேள்விக்கு இத்தனை பதிவுகள்தாம் என வரம்பு வைத்துள்ளன. மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் இயல்பான வரம்பு 1000. பணியாளர் 1200 பேர் எனக் கொள்வோம். ஆயிரமாவது பெயருக்குப்பின் 'ஹேஸ்மோர்' என்னும் வழிமுறை பிழையை அறிவிக்கும். அதற்கு மாற்றாக 'ஹேஸ்மோர்எலிமெண்ட்ஸ்' என்பதைப் பயன்படுத்தினால், பிழையை விழுங்கிவிட்டு, இனி எதுவும் இல்லை என்றே அது விடை கூறும். பட்டியலில் இல்லாதவரின் ஊதியத்தை நிறுத்துமாறு எழுதப்பட்ட நிரல் 200 குடும்பங்களின் அடுப்பை அணைத்துவிடும். திரையிலோ ஒரு பிழைச்செய்தியும் தோன்றாது.

தீர்வு, பக்கம் பக்கமாகக் கேட்பது. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் சேவையகம் ஓர் அடையாளக் குறியைத் தரும். அடுத்த கேள்வியுடன் அதனைத் திருப்பி அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குறி வெறுமையாய் வந்தால் பட்டியல் முடிந்தது. பட்டியலைப் படித்துக்கொண்டே பதிவுகளை நீக்குதலும் கூடாது. அதன் விளைவு வரையறுக்கப்படவில்லை. முதலில் பெயர்களைத் திரட்டி முடித்து, பின்னரே நீக்கத் தொடங்க வேண்டும்.