பண்ருட்டி முந்திரிப்பழமும் கோவா ஃபெனியும்

கேள்வி: ஃபெனி கோவாவுக்குத் தேடித்தந்த பெயரைப் பண்ருட்டி முந்திரிப்பழம் கடலூர் மாவட்டத்துக்குத் தராதது ஏன்? (வாசகர், சிதம்பரம்)

பதில்: போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரியின் பழச்சாற்றைப் புளிக்கவைத்து, ‘உர்ராக்’ எனப்படும் முதல் வடிப்பை மீண்டும் வடித்துப் பெறும் ஃபெனி, 2009இல் புவிசார் குறியீடு பெற்றபோதிலும், நெடுங்காலம் நாட்டுச் சாராயமாகவே வகைப்படுத்தப்பட்டிருந்ததால், உலகச் சந்தையில் ஒயினுக்குள்ள மதிப்பை இன்னும் எட்டவில்லை. பண்ருட்டியிலோ கொட்டையைத் திருகியெடுத்தபின், தொண்டையைக் கரகரக்கச் செய்யும் டானின் என்னும் துவர்ப்புப்பொருள் மிகுந்த பழம், ஓரிரு நாளில் அழுகிவிடும் என்பதால் பெரும்பாலும் மரத்தடியிலேயே விடப்படுகிறது. இது பெரிதும் வருந்தத்தக்க இழப்பு. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் இருப்பதால், கோவாவின் வழி இங்குள்ள சிறு விவசாயிக்கு எளிதன்று; எனினும் சாற்றில் அரிசிக் கஞ்சியையோ ஜவ்வரிசிக் கஞ்சியையோ கலந்து, துவர்ப்பு அடியில் படிந்தபின் தெளிவை இறுத்து, மதுவல்லாத பானமாக்குவது வீட்டுப் பாத்திரங்களைக்கொண்டே இயலும்.