உழவர் வட்டம் பிறந்த ஊர்

எங்க ஊர் உழவர் குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போன தடவை ஏழு பேர்தான் வந்தாங்க. "பேசிப் பேசி என்னத்தக் கண்டோம்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிற நாட்டு உழவர்கள் எப்படிக் கூடினார்கள் என்று தேடியபோது, போலந்தின் பியாசெச்னோ கிராமத்தைப் பற்றிப் படித்தேன்.

19-ஆம் நூற்றாண்டில் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. பியாசெச்னோ பிரஷ்யாவின் பிடியில் இருந்தது. 1862-ல் யூலியுஷ் கிராஜியேவிச் என்பவர் அங்கே உழவர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். போலந்தின் உழவர் வட்டங்களுக்கு அதுவே முன்னோடி. 1866-ல் அதே ஊரில் பெண்களுக்கும் தனிச் சங்கம் வந்தது.

1873 முதல் மக்சிமிலியன் யாத்ஸ்கோவ்ஸ்கி போஸ்னான் பகுதியில் இந்த வட்டங்களை ஊர் ஊராகப் பரப்பினார். அவங்க பேச்சோடு நிக்கல. ஒருத்தர் பண்ணைக்கு மத்தவங்க எல்லாம் போய், மண்ணையும் மாட்டையும் எருக்குழியையும் பார்த்துக் குறை நிறை சொல்லுவாங்க.

இதற்கிடையே நிலத்துக்கே ஆபத்து வந்தது. போலிஷ்காரர் நிலத்தை வாங்கி ஜெர்மானியரைக் குடியேற்ற 1886-ல் பிரஷ்ய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. 1904-ல் அனுமதி இல்லாமல் புது வீடு கட்டவும் தடை. மிகாவ் ஜிமாவா என்ற உழவர் சொந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல், சக்கர வண்டியிலேயே குடியிருந்தார். இன்று அந்த ஊருக்கே அவர் பெயர்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948 முதல் பொதுவுடைமை அரசு கூட்டுப்பண்ணையில் சேரச் சொல்லி நெருக்கியது. உழவர்கள் இணங்கவில்லை. 1956-ல் பெரும்பாலான கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. சுமார் முக்கால் பங்கு நிலம் தனி உழவர் கையிலேயே நின்றது. இதற்கு வட்டங்கள் மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா கூடிப் பேசிப் பழகின ஊரை அசைக்கிறது கஷ்டம்.

பெண்கள் வட்டங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அறுவடை முடிந்ததும் கதிர்களால் பெரிய மகுடம் பின்னி, புது மாவு ரொட்டியோடு ஊர்வலம் போவார்கள். பல ஊர்களில் அந்த மகுடத்தைப் பின்னுவது இந்தப் பெண்கள்தான்.

நான் கற்ற பாடம் இதுதான்: கூட்டம் வயலுக்குப் போகணும், வீட்டுப் பெண்களும் வரணும். அடுத்த மாதம் கூட்டத்தை மண்டபத்தில் வைக்கலீங்க. கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் வயலில்தான்.